புனே சுவச் ஒப்பந்தம்

புனே சுவச் ஒப்பந்தம் என்பது இந்தியாவின் மகாராட்டிர மாநிலத்திலுள்ள புனே மாநகராட்சிக்கும், குப்பை பொறுக்கும் தொழிலாளர்களே உறுப்பினர்களாகவும் உரிமையாளர்களாகவும் உள்ள சுவச் என்னும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் இடையே 2008 ஆம் ஆண்டில் முதன்முதலாகச் செய்துகொள்ளப்பட்ட உடன்பாடு ஆகும். வீடுவீடாகச் சென்று குப்பையைப் பெறுதல், அதிலிருந்து மறுசுழற்சிக்கு உதவும் பொருள்களைப் பிரித்தெடுத்தல், எஞ்சியதை மாநகராட்சி வண்டியில் சேர்ப்பித்தல் ஆகிய பணிகளை இது சங்க உறுப்பினர்களிடம் ஒப்படைத்தது. உடன்பாட்டின் காலம் ஐந்து ஆண்டுகள். அக்காலம் முடியும்போது இதனைப் புதுப்பிப்பதா, அல்லது ஒப்பந்தப்புள்ளி கோரி வேறு நிறுவனத்திடம் பணியை அளிப்பதா என்னும் கேள்வி மாநகராட்சியின் முன் எழுந்தது. 2013 இலும் 2020 இறுதியிலும் இக்கேள்விக்கு உடனடியாக விடை கிடைக்கவில்லை.

சுவச் என்ற பெயர், திடக்கழிவுகளைச் சேகரித்தல், கையாளுதல் ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைக் கொண்டு அமைக்கப்பட்டது. மராத்தியிலும் இந்தியிலும் இச்சொல் தூய்மையானது என்றும் பொருள்படும். 2014 இல் நடுவண் அரசு தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கத்தின் இந்திப் பெயரும் இதே சொல்லில் தொடங்குவதால் இரண்டையும் ஒன்றெனக் கருதுவோர் உளர். இச்சங்கம் அவ்வியக்கத்துக்குப் பல ஆண்டுகள் முந்தியது.

பின்னணி

புனேயில் குப்பை பொறுக்கி வாழ்வோரில் பெரும்பான்மையினர் தலித் பெண்கள். 1972 ஆம் ஆண்டு மகாராட்டிரத்தைத் தாக்கிய கடும் வறட்சியின்போது கிராமங்களை விட்டு நகருக்கு வந்த குடும்பங்களைச் சேர்ந்தோர் அவர்களில் பலர். நிலமோ எழுத்தறிவோ இல்லாத நிலையில், முதலீடு தேவைப்படாத தொழிலாக அவர்களுக்கு வாய்த்தது தெருத்தொட்டிகளில் கிடக்கும் காகிதம், கண்ணாடி, தகரம் முதலியவற்றைப் பொறுக்கிக் காயலான் கடையில் விற்பது. தொட்டியில் கிளறி எடுக்கும் பொருள் ஈரமும் அழுக்கும் ஏறியிருப்பதால் அதற்குக் கிடைக்கும் விலை குறைவு. கண்ணாடிச் சில்லுகளும் ஊசிகளும் கையைக் கிழிப்பதும், திருடர் என்ற ஐயத்தில் காவல்துறை பிடித்துச் செல்வதும் அன்றாட நிகழ்வுகளாக இருந்தன.

1990களின் தொடக்கத்தில் எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தின் முதியோர் கல்வித் துறையைச் சேர்ந்த பூர்ணிமா சிக்கர்மானே, லட்சுமி நாராயண் ஆகியோர் இப்பெண்களிடையே பணியாற்றத் தொடங்கினர். வீடுகளிலேயே குப்பையைப் பிரித்து வாங்கினால் அதே பொருளுக்குக் கூடுதல் விலை கிடைக்கும் என்பதும், வேலை நேரம் குறையும் என்பதும் அப்போது தெரியவந்தன. ஆனால் இம்முயற்சி நடைபெற்ற பகுதியிலேயே தனியார் ஒருவர் வண்டி வைத்துப் பிரித்த குப்பையைச் சேகரிக்க முற்பட்டார். தங்கள் பிழைப்பு பறிபோகும் என்று பெண்கள் எதிர்த்ததால் அம்முயற்சி நின்றது. பல ஆண்டுகளுக்குப் பின் மாநகராட்சி மன்றத்தில் எழுந்த சிக்கலின் முழு வடிவத்தையும் இந்தச் சிறு நிகழ்வில் காணலாம்.

1993 இல் காகத் காச் பத்ரா கஷ்டகாரி பஞ்சாயத் என்னும் தொழிற்சங்கம் உருவானது. சுமை தூக்கும் தொழிலாளர்களை அமைப்பாக்கியவரான பாபா ஆடாவ் இதற்குத் துணைநின்றார். காகத் என்பது நாம் வழங்கும் காகிதம், காச் கண்ணாடி, பத்ரா தகரம், கஷ்டகாரி என்றால் பாடுபடுவோர். பிச்சையாகவோ திருட்டாகவோ பார்க்கப்பட்ட ஒரு செயலை உழைப்பு என்று அழைத்ததே சங்கத்தின் முதற்செயல் எனலாம். 1990களின் நடுப்பகுதியில் சங்கம் வழங்கிய அடையாள அட்டையை மாநகராட்சி ஏற்று ஒப்பமிட்டது. அடுத்த பத்தாண்டில் உறுப்பினர்களின் மருத்துவக் காப்பீட்டுக்கான தொகையையும் செலுத்தத் தொடங்கியது. இவர்கள் பொறுக்கும் ஒவ்வொரு கிலோவும் மாநகராட்சி அள்ளவும் ஏற்றவும் கொட்டவும் வேண்டாத ஒரு கிலோ என்பதே சங்கம் முன்வைத்த வாதம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்புக்காக 2001 இல் செய்யப்பட்ட ஓர் ஆய்வு இச்சேமிப்பைக் கணக்கிட்டுக் காட்டியது.

கூட்டுறவின் தோற்றம்

2000 ஆம் ஆண்டில் இந்திய அரசு வெளியிட்ட நகராட்சித் திடக்கழிவு விதிகள், உள்ளாட்சிகள் வீடுதோறும் குப்பையைச் சேகரிக்க வேண்டும் என்று பணித்தன. தெருத்தொட்டி மறைந்தால் தொட்டியை நம்பி வாழ்வோரும் மறைய வேண்டியதுதான். பல நகரங்களில் இவ்விதிகளைத் தொடர்ந்து பெரிய நிறுவனங்களுக்கு ஒப்பந்தங்கள் வழங்கப்பட்டன. புனேயில் தொழிற்சங்கம் முந்திக்கொண்டு, வீடுதோறும் சேகரிக்கும் பணியைத் தாங்களே செய்வதாக முன்வந்தது. சிறிய அளவில் நடந்த சோதனை முயற்சிக்குப் பின் 2007 இல் சுவச் கூட்டுறவுச் சங்கமாகப் பதிவு செய்யப்பட்டது. அடுத்த ஆண்டில் மாநகராட்சியுடன் ஐந்தாண்டுப் புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது.

உடன்பாடு செயற்படும் முறை

பொதுவாக இருவர் கொண்ட ஒரு குழுவுக்கு இருநூறு வீடுகளையொட்டிய ஒரு பகுதி ஒதுக்கப்படும். காலையில் தள்ளுவண்டியுடன் சென்று ஈரக்குப்பையையும் உலர்குப்பையையும் தனித்தனியே பெறுவர். வீட்டார் பிரிக்காமல் கொடுத்தால் பிரிக்கும் வேலையும் இவர்களுடையதே. பின்னர் ஓர் ஓரமான இடத்தில் அமர்ந்து உலர்குப்பையை வகைப்படுத்துவர். செய்தித்தாள், அட்டைப்பெட்டி, பால் உறை, தண்ணீர்ப் புட்டி, இரும்பு, கண்ணாடி என ஒவ்வொன்றுக்கும் கடையில் வேறுவேறு விலை உண்டு. விற்க இயலாத உலர்குப்பையும் ஈரக்குப்பையும் குறித்த நேரத்தில் வந்து நிற்கும் மாநகராட்சி வண்டியில் ஏற்றப்படும். மணி ஒலித்துக்கொண்டு வருவதால் இவ்வண்டியை மக்கள் கண்டா காடி, அதாவது மணிவண்டி, என்று அழைக்கின்றனர். வண்டி தாமதமானால் அன்றைய வேலை முழுவதும் தாமதமாகும்.

உறுப்பினருக்கு மாநகராட்சி ஊதியம் வழங்குவதில்லை என்பதை இங்கு முதன்மையாகக் குறிப்பிட வேண்டும். அவர்களது வருமானத்துக்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, ஒவ்வொரு வீடும் மாதந்தோறும் செலுத்தும் பயனர் கட்டணம். இது வீட்டுக்குச் சில பத்து ரூபாய் அளவினது. குடிசைப் பகுதிகளுக்குக் குறைவு. மற்றொன்று, பிரித்தெடுத்த பொருள்களை விற்றுப் பெறும் பணம். கணக்கிற்காக மட்டும் 200 வீடுகள், வீட்டுக்கு 50 ரூபாய் என்று கொண்டால் மாதம் 10,000 ரூபாய் சேரும். அதனை இருவர் பகிர்ந்தால் ஆளுக்கு 5,000. கட்டணத்தை மட்டும் நம்பி ஒரு குடும்பம் வாழ இயலாது என்பதை இது காட்டும். பொருள்களை விற்கும் உரிமை போனால் மீதி உடன்பாடு எவ்வளவு தாராளமாக இருந்தாலும் கூட்டுறவு நிலைக்காது.

மாநகராட்சி தன் பங்காகத் தள்ளுவண்டி, வாளி, கையுறை, மேலங்கி போன்ற கருவிகளையும், மேற்பார்வையாளர்களுக்கும் அலுவலகத்துக்குமான செலவையும் ஏற்பதாக உடன்பாடு கூறியது. 2020களின் தொடக்கத்தில் சுவச்சின் உறுப்பினர் எண்ணிக்கை மூவாயிரத்தைத் தாண்டியிருந்தது. அவர்கள் சென்றுவந்த வீடுகளும் கடைகளும் பல இலட்சம்.

முதற்காலம் முடிந்தபின்

முதல் ஐந்தாண்டு 2013 இல் முடிவடைந்தது. உடனே புதிய உடன்பாடு ஏற்படவில்லை. ஆயினும் உறுப்பினர்கள் வீடுகளுக்குச் செல்வதை நிறுத்தவில்லை. கட்டணம் நேரடியாக வீட்டாரிடமிருந்து வந்ததால் அன்றாடப் பணி மாநகராட்சியின் கையெழுத்துக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. கருவிகள், மேற்பார்வை ஆகியவற்றுக்கு மட்டும் உறுதியான ஆவணம் எதுவும் இல்லாது போயிற்று. 2016 இல்தான் அடுத்த ஐந்தாண்டு உடன்பாடு நடைமுறைக்கு வந்தது.

அதே ஆண்டு ஏப்ரலில் நடுவண் அரசு புதிய திடக்கழிவு மேலாண்மை விதிகளை வெளியிட்டது. குப்பை பொறுக்குவோர் என்ற சொல்லுக்கு வரையறை தந்து, அவர்களைச் சேகரிப்பு முறையில் இணைக்குமாறு உள்ளாட்சிகளைப் பணித்தது இவ்விதிகளின் சிறப்பு. வீட்டிலேயே பிரித்துத் தருவதையும் பயனர் கட்டணத்தையும் இவ்விதிகள் ஏற்றுக்கொண்டன. புனே முன்னரே செய்துகொண்டிருந்தவற்றுக்கு நாடு தழுவிய ஒப்புதல் இவ்வாறு கிடைத்தது. எனினும் இணைத்தல் என்ற சொல் பல பொருள்களுக்கு இடம் தருகிறது. தனியார் நிறுவனத்தின் கூலித் தொழிலாளராகச் சேர்ப்பதும் இணைத்தல்தான் என்று வாதிட முடியும். 2020இல் விவாதம் இப்புள்ளியை நோக்கியே நகர்ந்தது.

2020 - 2021 விவாதம்

இரண்டாம் உடன்பாட்டின் காலம் 2020 திசம்பருடன் முடிந்தது. கோவிட் பெருந்தொற்றின்போது ஊரடங்கிலும் வீடுகளுக்குச் சென்று குப்பை பெற்றவர்கள் இவர்கள். அந்த ஆண்டின் முடிவில் மாமன்றம் நீண்டகாலப் புதுப்பிப்புக்கு ஒப்புதல் தராமல் குறுகிய கால நீட்டிப்புகளை மட்டுமே வழங்கியது. இடையே ஒப்பந்தப்புள்ளி வழியாகத் தனியாரிடம் பணியை அளிக்கலாம் என்ற கருத்து வலுப்பெற்றது. தொழிலாளர்கள் போராட்டத்தில் இறங்கினர். குடியிருப்போரிலும் பலர் அவர்களுக்கு ஆதரவாகப் பேசினர்.

தனியார்மயத்தை ஆதரித்தோரின் வாதங்களில் எளிதில் தள்ள முடியாதவையும் உண்டு. மாநகராட்சி ஒரு நிறுவனத்துக்குப் பணம் கொடுத்தால், பணி நடைபெறாதபோது அப்பணத்தைப் பிடித்தம் செய்யலாம். ஆயிரக்கணக்கான தனித்தனிக் குழுக்களிடம் அவ்வாறு செய்வது கடினம். சொத்துவரி கட்டும் நான் குப்பைக்கு மீண்டும் ஏன் கட்டணம் செலுத்த வேண்டும் என்ற கேள்வியும் குடியிருப்போரிடையே தொடக்கம் முதலே இருந்தது. கட்டணம் தர மறுக்கும் வீடுகளிடம் கெஞ்சுவதைத் தவிர உறுப்பினருக்கு வேறு வழியில்லை. குப்பையை முழுவதும் இயந்திரமயமாக்க வேண்டும் என்ற எண்ணமும், தலையில் சுமக்கும் தொழிலாளர் நவீன நகரின் தோற்றத்துக்குப் பொருந்தார் என்ற எண்ணமும் இவற்றோடு கலந்திருந்தன. இவற்றுள் முதலாவது விவாதிக்கத் தக்கது. இரண்டாவதற்கு விடை கூறத் தேவையில்லை.

எதிர்வாதத்தின் மையம் செலவு. வீட்டார் கட்டணம் செலுத்துவதால் சேகரிப்புச் செலவின் பெரும்பகுதி மாநகராட்சியின் வரவுசெலவுத் திட்டத்துக்குள் வருவதே இல்லை. தனியார் நிறுவனம் வந்தால் வண்டி, எரிபொருள், ஊதியம், இலாபம் ஆகிய அனைத்தும் அத்திட்டத்திலிருந்தே கொடுக்கப்பட வேண்டும்.

2022 மார்ச்சில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்து, மாநகராட்சி தனி அலுவலரின் பொறுப்பில் வந்தது. சில மாதங்கள் வீதம் நீட்டிக்கப்பட்டு வந்த உடன்பாடு பின்னர் நீண்ட காலத்துக்குப் புதுப்பிக்கப்பட்டது.

பொருள்களின் உரிமை

இந்த ஒப்பந்தத்தைப் பிற நகரங்களின் ஒப்பந்தங்களிலிருந்து பிரிக்கும் கூறு, மறுசுழற்சிப் பொருள் யாருக்கு உரியது என்பதற்கு அது தரும் விடை ஆகும். குப்பையை நாம் வீட்டுவாசலில் வைத்தவுடன் அது நமதன்று. அதன்பின் அது உள்ளாட்சிக்கு உரியதா, எடுத்துச் செல்லும் நிறுவனத்துக்கு உரியதா, அல்லது பிரித்தெடுத்தவருக்கு உரியதா? புனே உடன்பாடு மூன்றாவது விடையைத் தந்தது.

இதன் விளைவைப் புரிந்துகொள்ளப் பணம் எத்திசையில் பாய்கிறது என்று பார்ப்பது போதுமானது. பல இந்திய நகரங்களில் ஒப்பந்ததாரருக்கு அள்ளிய குப்பையின் எடைக்கு ஏற்பத் தொகை வழங்கப்பட்டது. அம்முறையில் எடை கூடினால் வருமானம் கூடும். பிரிப்பதால் எடை குறையும். ஆகவே பிரிப்பது நட்டம். நனைந்த குப்பையும், சில வேளைகளில் மண்ணும் கட்டட இடிபாடும் கூட எடைமேடைக்குச் செல்வதற்கான தூண்டுதல் அம்முறையிலேயே அடங்கியுள்ளது. சுவச் உறுப்பினருக்கோ வண்டியில் ஏறும் குப்பையால் ஒரு காசும் வருவதில்லை. வண்டியில் ஏறாமல் அவர் பையில் எஞ்சுவதே வருமானம். ஒரு கண்காணிப்பாளரும் இல்லாமலேயே ஒரு பால் உறையைக் கூட விடாமல் எடுக்க வைப்பது இத்தூண்டுதல்தான். பொறியியலில் ஒரு கட்டுப்பாட்டு அமைப்பை இவ்வளவு எளிதாக வடிவமைப்பது அரிது.

நகருக்குத் தென்கிழக்கேயுள்ள உருளி தேவாச்சி, புர்சுங்கி ஆகிய ஊர்களின் நிலை இதனோடு தொடர்புடையது. புனேயின் குப்பை நீண்டகாலமாக அங்குள்ள கிடங்கில் கொட்டப்பட்டது. நிலத்தடி நீர் கெட்டதாலும் நாற்றத்தாலும் தீயாலும் பாதிக்கப்பட்ட ஊர்மக்கள் பன்முறை வண்டிகளை மறித்தனர். அந்நாள்களில் நகரத் தெருக்களில் குப்பை தேங்கியது. கிடங்குக்குச் செல்லாமல் நகரிலேயே பிரித்தெடுக்கப்படும் ஒவ்வொரு கிலோவும் அவ்வூர்களின் மீதான சுமையைக் குறைப்பதாகும்.

இவ்வுரிமைக்கு மறுபக்கமும் உண்டு. பொருள் யாருடையதோ, விலை வீழ்ச்சியும் அவருடையது. 2008 உலகப் பொருளாதார நெருக்கடியின்போது காகிதம், நெகிழி, உலோகம் ஆகியவற்றின் பழைய பொருள் விலைகள் சரிந்தன. அப்போதுதான் தொடங்கியிருந்த கூட்டுறவின் உறுப்பினர்கள் அதனை நேரடியாகச் சந்தித்தனர். வேறொரு நாட்டில் இதே விலைவீழ்ச்சி எவ்வாறு கையாளப்பட்டது என்பதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2018 தொடக்கத்தில் சீனா கலப்புக் காகிதம், பலவகை நெகிழிக் கழிவுகள் ஆகியவற்றின் இறக்குமதியைத் தடை செய்தது. அமெரிக்க நகரங்களின் ஒப்பந்த நிறுவனங்கள் புதுப்பிக்கும் தருணத்தில் கட்டணத்தைப் பன்மடங்கு உயர்த்தின. பிலடெல்பியா நகரம் உயர்ந்த விலையை ஏற்காமல், 2018 இறுதியிலிருந்து சில மாதங்கள், மறுசுழற்சிக்கெனச் சேகரித்தவற்றில் ஏறத்தாழப் பாதியை எரியுலைக்கு அனுப்பியது. நிறுவனம் தன் நட்டத்தை நகரத்திடம் கேட்க முடிந்தது. சந்தை விலை குறைந்தது என்பதற்காகப் புனேயின் உறுப்பினர் அவ்வாறு கேட்பதற்கு உடன்பாட்டில் வழி இருக்கவில்லை. குறைந்தபட்ச விலை உறுதி போன்ற ஏற்பாடு ஒன்று இல்லாதது இவ்வொப்பந்தத்தின் பெருங்குறை என்றே கூற வேண்டும். காயலான் கடைக்காரரை முழுதும் நம்பியிராதபடி தொழிற்சங்கம் தானே சில கடைகளை நடத்தியது ஒரு சிறு ஆறுதல்.

குறைகளும் முயற்சிகளும்

எல்லாப் பொருள்களுக்கும் சந்தை இல்லை. தின்பண்டங்கள் வரும் பளபளக்கும் பல்லடுக்கு உறைகளை எந்தக் கடையும் எளிதில் வாங்குவதில்லை. மாதவிடாய் அணையாடைகளும் குழந்தைகளின் அணையாடைகளும் திறந்த நிலையில் குப்பையோடு வருவது தொழிலாளர்களுக்கு நோயையும் அவமதிப்பையும் தந்தது. 2013 இல் இவர்கள் பயன்படுத்திய அணையாடைகளைப் பைகளில் இட்டு அவற்றை உற்பத்தி செய்த நிறுவனங்களுக்கே அனுப்பிவைத்தனர். பின்னர், அணையாடையைத் தாளில் சுற்றிச் சிவப்புப் பொட்டு இட்டுத் தருமாறு வீட்டாரை வேண்டும் இயக்கம் நடத்தப்பட்டது. பொட்டைக் கண்டால் பையைத் திறக்க வேண்டியதில்லை. அவ்வளவே அதன் பயன், ஆனால் நாள்தோறும் நூறு பைகளைத் திறப்பவருக்கு அது சிறிதன்று. பழைய செய்தித்தாளில் இதற்கெனப் பைகள் செய்து விற்பதும் உறுப்பினர் சிலருக்குத் துணை வருமானமாயிற்று.

நகரின் வளர்ச்சி மற்றொரு சிக்கல். 2017 இல் 11 ஊர்களும் 2021 இல் மேலும் 23 ஊர்களும் புனே மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டன. இப்புதிய பகுதிகளில் யார் சேகரிப்பது என்பது ஒவ்வொன்றாக முடிவு செய்யப்பட வேண்டியிருந்தது. சுற்றுச்சுவர் எழுப்பிய பெரிய அடுக்ககங்கள் தமக்கென ஆட்களை வைத்துக்கொண்டு, விலைபோகும் பொருளைத் தாமே விற்றுவிட்டு, எஞ்சியதை மட்டும் கொடுக்கும் வழக்கமும் உள்ளது. அத்தகைய இடங்களில் உறுப்பினருக்குக் கட்டணம் கிடைத்தாலும் வருமானத்தின் மற்றொரு கால் ஒடிந்துவிடுகிறது.

ஒப்பீடு

கொலம்பியாவின் தலைநகர் போகோட்டாவில் இதே சிக்கல் நீதிமன்றத்தின் வழியே தீர்க்கப்பட்டது. மாநகரத்தின் குப்பை ஒப்பந்தங்களில் பொறுக்குவோர் ஒதுக்கப்பட்டதை எதிர்த்த வழக்குகளில், 2003 இலும் 2011 இலும் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2013 முதல் அவர்கள் சேகரித்துச் சேர்க்கும் மறுசுழற்சிப் பொருளின் எடைக்கு ஏற்ப, விற்பனை வருமானத்துக்கு மேலாக, மாநகரம் பணம் வழங்கத் தொடங்கியது. இங்கும் எடைதான் அளவுகோல். ஆனால் அளக்கப்படுவது கிடங்குக்குச் செல்லும் குப்பை அன்று, கிடங்குக்குச் செல்லாத பொருள். போகோட்டாவில் நீதிமன்றத் தீர்ப்பு இருப்பதால் ஒப்பந்தக் காலம் முடிவது மட்டும் இவ்வுரிமையை முடித்துவிடாது. புனேயில் அது இன்றும் ஒப்பந்தத்தையும், அதில் ஒப்பமிடும் மாநகராட்சியையும் சார்ந்துள்ளது.